வான்கோழி முட்டைக்குப் பெட்டியா, அடைக்கோழியா? எட்டு வருட அனுபவம்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி. இரண்டு சேவலும் எட்டுப் பெட்டையுமாக வான்கோழிகள் நிற்கின்றன. 2017-ல் ஐம்பது முட்டை கொள்ளும் இன்குபேட்டர், அதாவது கரண்டில் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். அதே பெட்டிதான் இன்றும் ஓடுகிறது. விசிறியை இரண்டு தடவை மாற்றினேன், பல்பு மாற்றியதற்குக் கணக்கே இல்லை.

முதல் நாளே தகராறு. தானாக முட்டையைத் திருப்பும் தட்டு கோழிமுட்டைக்கு அளவெடுத்துச் செய்தது. வான்கோழி முட்டை ஏறக்குறைய 85 கிராம், ஒரு முனை நன்றாகக் கூர்ந்திருக்கும். குழியில் உட்காரவே இல்லை. தட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் முன்பு, மதியம், ராத்திரி என்று மூன்று நேரம் கையால் உருட்டுகிறேன். 25-ஆம் நாள் நிறுத்திவிட வேண்டும். 28-ல் பொரிக்கும்.

அப்புறம் சூடு. டிஸ்பிளேயில் 37.5 டிகிரி என்று அழகாகக் காட்டும். ஆனால் குஞ்சுகள் 26-ஆம் நாளே, தொப்புள் மூடாமல் வெளியே வந்தன. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால், பெட்டி காட்டுவதைவிட ஒரு டிகிரி அதிகம். டிஸ்பிளேயை நம்பாதீர்கள்.

ஆனால் என்னை அதிகம் அழவைத்தது சூடு இல்லை, ஈரம். பெட்டியோடு வந்த தாளில் தண்ணீர்த்தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நானும் ஊற்றினேன். ஆனி, ஆடி மழையில் வைத்த இரண்டு ஈட்டிலும் முட்டைக்குள் முழுசாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டைக் கொத்தாமலே செத்துக் கிடந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே நீர் தளும்பியது. காரணம் புரிய ஒரு வருடம் ஆனது. முட்டை 25 நாளில் தன் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்கு நீரை இழக்க வேண்டும். அப்போதுதான் காற்றறை பெரிதாகும், குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. மழை நாளில் சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே பெட்டிக்குள் ஈரப்பதம் 45-க்கு மேல் நிற்கிறது. வறண்ட ஊருக்கு எழுதின தாள் குலசேகரத்துக்கு எப்படிப் பொருந்தும்? இப்போது சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுக்கிறேன். 85 கிராம் முட்டை 25-ஆம் நாள் 75-க்குப் பக்கத்தில் இருந்தால் சரி. மழைக்காலத்தில் கடைசி மூன்று நாள் மட்டும்தான் தண்ணீர், அப்போது ஈரப்பதம் 65-க்குக் கீழே போகக்கூடாது.

பெட்டி வாங்கிய அன்றே மயினி (அண்ணி) சொன்னார்: "கரண்டு போனா உனக்க பெட்டி வெறும் பெட்டிதான் மக்கா. எனக்க கோழிக்குக் கரண்டு வேண்டாம்." சிரித்தேன். அந்த வருடம் நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தது. பெட்டியில் 24 முட்டை, 20-ஆம் நாள். ரப்பரும் வாழையும் கம்பிமேல் விழுந்து கிடந்தன. இன்வெர்ட்டர் மறுநாளே கண்ணை மூடியது. மயினி வீட்டில் இரண்டு நாட்டுக்கோழி அடை கிடந்தன. ஓலைக் கடவத்தில் மணலும் வேப்பிலையும் போட்டு, ராத்திரி இருட்டில் கோழிக்கு ஆறு முட்டையாகத் தள்ளிவைத்தோம். நாட்டுக்கோழியின் உடம்பு ஆறு முட்டைக்கு மேல் மூடாது. மற்ற பன்னிரண்டும் பெட்டியிலேயே ஆறிப்போயின. கோழிகளுக்கு அடியில் ஒன்பது பொரித்தன. மண்ணெண்ணெய் விளக்கில்தான் எண்ணினேன், அன்றும் எங்கள் ஊருக்குக் கரண்டு வரவில்லை.

அப்படியானால் அடைக்கோழியே போதாதா என்றால், பொரிக்கப் போதும், வளர்க்கக் கூடாது. 2019-ல் கோழியோடு மேய விட்ட ஏழு குஞ்சுகளும் மஞ்சளாகக் கழிந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கருந்தலை நோய் என்றார் கால்நடை டாக்டர். கோழியின் குடற்புழு வழியாக மண்ணுக்கு வரும் கிருமி. கோழியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வான்கோழியைக் கொன்றுவிடும். வான்கோழிப் பெட்டையையே அடை வைக்கலாம், பத்துப் பன்னிரண்டு முட்டை மூடும். ஆனால் கனத்த உடம்பு, என் அனுபவத்தில் ஈட்டுக்கு ஒன்றிரண்டு முட்டை நசுங்கும். தீனிக்குக்கூட எழுந்திருக்காது, நாம்தான் தூக்கி வெளியே விட வேண்டும். அன்னாசிச் செடிக்கு இடையில் ஒளித்துக் கிடந்தால் கீரிக்குத்தான் லாபம்.

ஒரு சிக்கல் மிச்சம். தாய் இல்லாத வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னத் தெரியாது. தீனிமேல் நின்றுகொண்டே பட்டினியில் சாகும். அதற்கு நான் செய்வது: வான்கோழி முட்டை வைத்து ஏழு நாள் கழித்து அதே பெட்டியில் நாலு நாட்டுக்கோழி முட்டையையும் வைப்பேன். அவை 21 நாள் கணக்கு, ஆகவே எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும். கோழிக்குஞ்சு கொத்துவதைப் பார்த்து இவையும் கொத்தும். பெட்டியில் பிறந்தவை மண்ணை மிதிக்காததால் கருந்தலைப் பயமும் இல்லை. கம்பிவலைத் தளத்தில் வைத்து, பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டையை நசுக்கிப் போடுவேன். மூன்று வாரத்தில் கோழிக்குஞ்சுகளைப் பிரித்துவிடுவேன்.

இன்று பெட்டியில் 22 முட்டை, 19-ஆம் நாள். வானம் கறுத்துக் கிடக்கிறது. மயினி வீட்டில் ஒரு செவலைக் கோழி அடைக்குக் கேறிக்கொண்டு திரிகிறதாம். அதை அடைக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.