கலோரி ஆப் காட்டுற நம்பர எவ்வளவு தூரம் நம்பலாம்? கடலூர்ல இருந்து ஒரு ரிவ்யூ

எங்க வீட்ல நானும் அம்மாவும் ஒரே கலோரி ஆப்பதான் யூஸ் பண்றோம். எனக்கு வெயிட் குறைக்கணும், அம்மாவுக்கு சுகர் இருக்கறதால ஒரு வேளைக்கு மாவுச்சத்து எவ்வளவு போகுதுன்னு தெரியணும். ஆப் பேரு சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போற பிரச்சனை அது ஒன்னுல மட்டும் இல்ல, யார் வேணா சாப்பாட்டு விவரத்த ஏத்தலாம்னு விட்டிருக்குற எந்த ஆப்லயும் இது வரும். ஸ்க்ரீன், ரிமைண்டர், கிராஃப் எல்லாம் நல்லாவே இருக்கு, அதுல குறை இல்ல. நான் உக்காந்து பாத்தது அது காட்டுற நம்பர் சரியான்னு மட்டும்தான்.

மொதல்ல சோறு. ரைஸ் 100 கிராம்னு தேடுனா ஒரு என்ட்ரி 350 சொச்சம்னு காட்டுது, அதுக்கு கீழயே இன்னொன்னு 130ன்னு காட்டுது. ரெண்டு நம்பருமே சரிதான், மேல இருக்கறது வேகாத அரிசி, கீழ இருக்கறது வெந்த சோறு, வேகும்போது தண்ணிய இழுத்து எடை ரெண்டரை மூணு மடங்கு ஆயிடுது. ஆனா அரிசியா சோறான்னு பேர்ல போடவே இல்லன்னா பாக்கறவங்களுக்கு எப்படி தெரியும்? வடிச்ச சோறு 200 கிராம் தட்டுல போட்டுட்டு அரிசி என்ட்ரிய தட்டுனா 260 வர வேண்டிய எடத்துல 700 வந்து நிக்குது. அத நம்பி ஒருத்தங்க ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டு, அதுலயும் சுகர் மாத்திரை போடறவங்களா இருந்தா என்ன ஆகறது, இத நெனச்சாலே எனக்கு பயமா இருக்கு. ஒரே ஒரு வார்த்தை சேத்தா தீர்ற விஷயம் இது.

என்ட்ரி சரியான்னு பாக்க ஒரு கணக்கு இருக்கு, ஆட்வாட்டர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1800கள் கடைசில போட்டுக்குடுத்தது, இன்னைக்கும் உலகம் பூரா லேபிள் இத வச்சுதான் ஓடுது. புரதம் ஒரு கிராமுக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. மூணையும் பெருக்கி கூட்டுனா மேல போட்டிருக்கற கலோரிக்கு கிட்டத்தட்ட வரணும். கோழி குழம்புன்னு ஒரு என்ட்ரி, கலோரி 90, கொழுப்பு 14 கிராம்னு இருந்துச்சு, கொழுப்பு மட்டுமே 126 வருதே, அப்ப அத தொடவே கூடாது. ஆனா கூட்டல் சரியா வந்துட்டா மட்டும் போதாது, உளுந்து வடைக்கு புரதம் 4, மாவு 15, கொழுப்பு 1, மொத்தம் 85ன்னு ஒருத்தர் போட்டிருக்கார், கூட்டிப்பாத்தா கரெக்டா வருது, ஆனா எண்ணெயில மொதந்து வெந்த வடையில கொழுப்பு 1 கிராம்தானா? சமையல் தெரிஞ்ச கண்ணும் வேணும்.

மாவுச்சத்து கணக்கு பாக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், இத யாரும் சொல்றதில்ல. எந்த உணவுல என்ன சத்து எவ்வளவுன்னு அமெரிக்காவுல போட்டிருக்கற டேபிள்ல நார்ச்சத்தையும் மாவுச்சத்துக்குள்ளயே சேத்து போடுவாங்க, நம்ம ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல 528 உணவுகளுக்கு போட்ட டேபிள்ல நார்ச்சத்த தனியா பிரிச்சுட்டாங்க. அதனால காஞ்ச கொண்டைக்கடலை 100 கிராமுக்கு அமெரிக்க டேபிள்ல மாவுச்சத்து 60க்கு மேல இருக்கும், நம்ம டேபிள்ல 40க்கு பக்கத்துல இருக்கும். ஆப்ல ரெண்டும் கலந்து கெடக்குது, எது எங்கருந்து வந்துச்சுன்னு போடறதில்ல. நம்ம டேபிள்ல சக்திய கிலோஜூல்ல போட்டிருப்பாங்க, 4.18ஆல வகுத்தா கலோரி. க்ரோனோமீட்டர்னு ஒரு ஆப் ஒவ்வொரு உணவுக்கும் தகவல் எங்கருந்து எடுத்ததுன்னு பக்கத்துலயே காட்டும், எல்லா ஆப்பும் இத செய்யணும்னுதான் நான் கேக்கறேன்.

மீன் விஷயத்துல எந்த ஆப்பையும் முழுசா நம்ப முடியாது. முதுநகர் துறைமுகத்துல வாங்குற மத்திக்கு சீசனுக்கு சீசன் கொழுப்பு ஏறி எறங்கும், மத்தி நெய் கட்டியிருக்குன்னு மீன்காரம்மாவே சொல்லும், ஆனா ஆப்ல சார்டின்னு தேடுனா மொதல்ல வர்றது டின்ல எண்ணெய் ஊத்தி அடைச்சது, 100 கிராமுக்கு 208. அது வேற பொருள். தலை முள்ளு போக சதை எவ்வளவுன்னும் பாக்கணும். இதுக்கு நேர் எதிரா பாண்டில வாங்குற நீட்டு பிரெஞ்சு பிரெட்டுக்கு ஆப் சொல்ற 270 பக்கத்துல இருக்கற நம்பர் நல்லாவே பொருந்துது, மாவு தண்ணி ஈஸ்ட் உப்பு அவ்வளவுதான் அதுல, எடை போட்டா முடிஞ்சுது. பண்ருட்டி முந்திரியும் அப்படித்தான், 100 கிராம் 550க்கு மேல, எந்த என்ட்ரிய எடுத்தாலும் பெருசா மாறாது. பால்ல மட்டும் பாக்கெட் கலர பாத்து போடுங்க, ஆவின் நீலம் கொழுப்பு 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6, ஆப்ல வெறும் பால்னு போட்டா எதுன்னு அதுக்கு தெரியாது.

ஓட்டல் பரோட்டா, பிரியாணி, சால்னாவுக்கெல்லாம் ஆப் காட்டறது உத்தேசம்தான், ஒரு கடை பரோட்டா இன்னொரு கடையில பாதி சைஸ்ல இருக்கும். போட்டோ எடுத்தா கலோரி சொல்ற வசதியும் இப்ப வந்துருக்கு, அது தோசைய தோசைன்னு கண்டுபிடிக்குது, அதுல ஊத்துன எண்ணெய் ஒரு ஸ்பூனா மூணு ஸ்பூனான்னு படத்துல எங்க தெரியும், ஒரு டீஸ்பூன் எண்ணெய்னாலே 40 கலோரி.

எனக்கு உண்மையிலயே உபயோகமா இருந்தது சொந்த ரெசிபி போடற வசதி. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தராசு கெடைக்குது, காய், பருப்பு, புளி, தேங்கா எல்லாத்தையும் வேகறதுக்கு முன்னாடி எடை போட்டு ஏத்தணும், எண்ணெய்க்கு பாட்டில தாளிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாத்து கழிச்சா போதும், கடைசில குழம்ப சட்டியோட எடை போட்டு வெறும் சட்டி எடைய கழிச்சுட்டா 100 கிராமுக்கு எவ்வளவுன்னு வந்துரும். "ஏண்டி, குழம்பையுமா எடை போடுவ"ன்னு அம்மா கேட்டாங்க, இப்ப சட்டி எடைய அவங்களே மூடி மேல எழுதி ஒட்டி வச்சுருக்காங்க.

பாக்கெட் சாமானுக்கு பார்கோடு ஸ்கேன் பரவால்ல, ஆனா கையில இருக்கற லேபிளோட ஒருதடவ ஒத்துப்பாருங்க, 100 கிராமுக்கா ஒரு சர்விங்குக்கான்னு மாறி ஏத்தியிருப்பாங்க. லேபிளே கூட துல்லியம் கெடையாது, அமெரிக்காவுல போட்ட கலோரிய விட 20 சதவீதம் வரைக்கும் கூட இருந்தா சட்டம் விட்டுரும். அதனால 20, 30 கலோரிக்கு மண்டைய ஒடச்சுக்காதீங்க, ரெண்டு மூணு மடங்கு மாறுற தப்ப மட்டும் புடிங்க.

ஃப்ரீ வெர்ஷனுக்கு 5க்கு 3 குடுப்பேன், அதுல பாதி ரெசிபி வசதிக்காக. காசு கட்டுனா டயட் பிளானும் கோச்சும் தர்றாங்க, ஆனா உள்ள இருக்கற என்ட்ரி எல்லாம் அதேதான், அதனால நான் கட்டல. அம்மாவோட மாத்திரை அளவுக்கு இந்த நம்பர நாங்க எடுக்கறதே இல்ல, அது டாக்டரும் குளுக்கோமீட்டரும் பாக்கற வேலை.