ஆய்வேட்டுப் படங்களும் லிப்ரே ஆபீஸின் பிடிஎஃப் பெட்டியும்

எங்கள் டைப்பிங் சென்டருக்கு வருவதில் பாதி வேலை ஆய்வேடுதான். அதிலும் தாவரவியல், விலங்கியல் என்றால் பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. செல்போனில் எடுத்த படத்தை அப்படியே உள்ளே இழுத்துப் போட்டுக் கொண்டுவருவார்கள். பிடிஎஃப் ஆக்கினால் கோப்பு ஊதிப்போய் நிற்கும், பல்கலைக்கழகத் தளம் வாங்க மறுக்கும்.

விண்டோஸ் 10உடன் வந்த மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் இதற்கு உதவாது. தாள் அளவு, நிமிர்ந்தா படுத்தா என்பதோடு சரி. படத்தைச் சுருக்கும் பேச்சே கிடையாது. இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' கொடுத்தால் திறக்கும் பெட்டியில் முதல் தாவலிலேயே படங்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. இழப்பில்லாச் சுருக்கம் அல்லது ஜேபெக் (தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சுருக்குவது) என்று தேர்ந்தெடுக்கலாம். ஜேபெக் தரம் 90 சதவீதத்தில் நிற்கும். அதன் கீழே ரெசல்யூஷனைக் குறைக்கும் டிக், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு).

அவசரத்தில் எல்லோர் கையும் அந்த 90க்குத்தான் போகிறது. அதை 50 ஆக்கினால் கோப்பு இளைக்கும், உண்மைதான். ஆனால் ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், தரம் இறங்க இறங்கக் கட்டங்கள் வெளியே தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் தமிழ் எழுத்து இருந்தால் இன்னும் மோசம்: விளிம்பெல்லாம் அழுக்கு படிந்து, மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துவிடும். நாம் தட்டச்சு செய்த எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, அது படமில்லையே.

கை வைக்க வேண்டியது டிபிஐயில். 4000க்கு 3000 பிக்சல் போட்டோவைப் பக்கத்தில் 8 செ.மீ. அகலத்துக்கு வைத்தால் அது 1270 டிபிஐ. 300க்கு இறக்கினால் அகலம் 945 பிக்சல். மொத்தப் பிக்சல் பதினெட்டில் ஒரு பங்காகிவிடும், அச்சில் வித்தியாசம் தெரியாது. திரையில் மட்டும் படிப்பதென்றால் 150 போதும். 75க்கு இறங்கவே வேண்டாம்.

குறை என்னவென்றால், இந்தப் பெட்டியில் வைப்பது கோப்பு முழுவதற்கும் ஒரே அளவு. போட்டோவுக்கு ஜேபெக், வரைபடத்துக்கு இழப்பில்லாதது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'கம்ப்ரெஸ்' போக வேண்டும். சுருக்கினால் எவ்வளவு வரும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டும், அருமையான வசதி. ஆனால் அது ஆவணத்துக்குள் இருக்கும் படத்தையே மாற்றிவிடும். மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று: கருவிப்பட்டையில் இருக்கும் பிடிஎஃப் பொத்தானை அழுத்தினால் இந்தப் பெட்டியே வராது, நேராகச் சேமித்துவிடும். முந்தைய வாடிக்கையாளருக்கு வைத்த அளவு அடுத்தவர் கோப்பிலும் ஏறும். மெனு வழியாகவே போங்கள். பிரிண்ட் கொடுத்துக் கோப்பாக எடுப்பவர்களுக்கு அமைப்பு வேறு இடத்தில், ஆப்ஷன்ஸில் 'பிரிண்ட்' பக்கத்தில் இருக்கிறது; பிரிண்டருக்கும் கோப்புக்கும் அங்கே தனித்தனியாகவே வைக்கலாம்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாமலேயே எங்கள் கடை வேலை இதில் ஓடுகிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; கழித்த ஒன்று அந்தப் பொத்தானுக்கு.