ஒரு அடித் தொட்டிக்கு எது சரி: கப்பியா, எம்பர் டெட்ராவா, செர்ரி ஷ்ரிம்ப்பா?

காட்பாடியில் இருக்கும் அக்கா மகன் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினான். கணக்குக்கு 28 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 22 லிட்டர் நின்றால் அதிகம். "மாமா, நியான் டெட்ரா பத்து, ஒரு ஃபைட்டர், கொஞ்சம் ஷ்ரிம்ப், மூணையும் ஒண்ணா உட்டுடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேலூரில் தொட்டி வைப்பவர் மீனின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தன் வீட்டுத் தண்ணீரையும் மே மாதத்தையும் பார்க்க வேண்டும். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900ஐத் தொடுகிறது. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும் கடினத் தண்ணீர். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் உப்பு குறைவு, ஆனால் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்களில் போர் தண்ணீரை ஷ்ரிம்ப்புக்கு, அதாவது இந்தக் குட்டி நன்னீர் இறாலுக்கு, நான் நம்பவே மாட்டேன். அடுக்குமாடியில் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரும் ஆகாது. அதில் கால்சியம் போய் சோடியம் ஏறியிருக்கும்.

நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன். உப்பில்லாத, லேசான அமிலத் தண்ணீரும் 20 முதல் 26 டிகிரி வரை வெப்பமும் கேட்கும். "எந்தத் தண்ணியா இருந்தாலும் நிக்கும்ணா" என்று கடையில் சொன்னதை நம்பி ஒரு மாசியில் எட்டு வாங்கினேன். சித்திரை முடிவதற்குள் எட்டும் போய்விட்டன. அந்த நீலக் கோடு ஒவ்வொரு நாளும் மங்கிக்கொண்டே வந்ததைப் பார்த்தவன் என்பதால், நம் ஊரில் யாருக்கும் நான் நியானைச் சொல்வதில்லை.

கப்பி நேர் எதிர். கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரை எதுவும் கலக்காமலே ஊற்றலாம். வெயிலையும் தாங்கும். தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது: நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் மீன் இருபது, முப்பது குட்டி போடும். ஒரு அடித் தொட்டி மூன்றே மாதத்தில் சந்தைக் கூட்டமாகிவிடும். அதனால் கப்பி என்றால் ஆண் மட்டும் ஐந்து போதும். அகலவால் வைத்த உயர்ரகத்தைவிட, கடையில் கலப்பு என்று ஓரமாக வைத்திருப்பதே திடமானது. எண்ட்லர் அதன் நெருங்கிய சொந்தம், இன்னும் சின்னது, இன்னும் சுறுசுறுப்பு. நியானுக்குக் கொடுக்கும் காசில் இதை வாங்குங்கள்.

எம்பர் டெட்ரா பிரேசிலின் அரகுவாயா ஆற்றுப் பகுதி மீன். இரண்டு சென்டிமீட்டர்தான். ஆரஞ்சு நிறம், பச்சைச் செடிக்கு முன்னால் எட்டு சேர்ந்து நின்றால் அகல் விளக்கு வரிசை மாதிரி இருக்கும். 28 டிகிரி வரை சிரமமில்லை. நேரடி போர் தண்ணீர் மட்டும் கூடாது. ஒரு பங்கு போர், நாலு பங்கு ஆர்ஓ (உப்பு நீக்கிய வடிகட்டித் தண்ணீர்) என்று நான் கலக்கிறேன். டிடிஎஸ் 220 பக்கம் நிற்கிறது. சில்லி ரஸ்போரா இதைவிட அழகு. ஆனால் போர்னியோவின் கரும்நீர்ச் சதுப்பில் வாழும் மீன் அது, ஏறக்குறைய முழு ஆர்ஓ கேட்கும். அந்தத் தண்ணீரில் செர்ரி ஷ்ரிம்ப்புக்கு ஓடு கட்டக் கால்சியம் போதாது. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுத்தர வேண்டிவரும்.

ஃபைட்டர் தனியாக இருக்கட்டும். வெயிலைத் தாங்கும் நல்ல மீன்தான், ஆனால் ஷ்ரிம்ப் அதற்குச் சாப்பாடு.

ஷ்ரிம்ப்புக்கு வருகிறேன். என் மனசு இருப்பது இங்கேதான். கடைகளில் மூன்று கிடைக்கும். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கிரிஸ்டல் ரெட்டுக்கு 24 டிகிரிக்குள் மென்னீர் வேண்டும். ஏசி அறையோ, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாமல் வேலூரில் அதை வைப்பது பாவம். அமானோ பாசி தின்பதில் கெட்டி. ஆனால் அதன் இளங்குஞ்சு உப்பு கலந்த நீரில்தான் பிழைக்கும், ஆகவே உங்கள் தொட்டியில் பெருகாது. ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் ஒரு அடித் தொட்டிக்குக் கொஞ்சம் பெரிசு. செர்ரி மட்டும்தான் நம் தண்ணீரோடு ஒத்துப்போகிறது. நான் சொன்ன அதே ஒன்றுக்கு நாலு கலவை போதும்.

ஒரு பெண் செர்ரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் கழுத்துக்குப் பின்னால் முதுகில் மஞ்சளாக ஒரு சேணம் தெரியும். அது சினைப்பையில் இருக்கும் முட்டை. ஒரு நாள் சட்டை உரிப்பாள், அன்றைக்கு ஆண்கள் எல்லாம் தொட்டி முழுக்கப் பைத்தியம் பிடித்த மாதிரி நீந்துவார்கள். பிறகு முட்டை வயிற்றடிக்கு இறங்கும். மணி மணியாக இருபது, முப்பது முட்டை. குட்டிக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருப்பாள். நாலு வாரத்துக்குள் கண் வைத்த இரண்டு மில்லிமீட்டர்க் குஞ்சுகள் பாசியில் ஏறி நிற்கும். உரித்த சட்டை கண்ணாடியில் செய்த ஷ்ரிம்ப் மாதிரி தரையில் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்துப் போடாதீர்கள். அதிலிருக்கும் கால்சியத்தை அவையே தின்றுகொள்ளும்.

கூட யார் இருக்கலாம் என்பதில்தான் கப்பியும் எம்பரும் பிரிகின்றன. கப்பி குஞ்சைப் பொறுக்கித் தின்னும். எம்பரும் கிடைத்தால் ஒன்றிரண்டை விழுங்கும், ஆனால் வாய் சின்னது. ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி அடர்த்தியாக இருந்தால் பாதிக்கு மேல் தப்பிவிடும். கப்பி வேண்டுமானால் கப்பி மட்டும், ஷ்ரிம்ப் வேண்டுமானால் எம்பரோடு அல்லது தனியாக. இதுதான் என் தீர்ப்பு.

வெயிலுக்கு வருவோம். வெளியே 42 அடிக்கும் கத்திரியில் எங்கள் ஹால் தொட்டி 33ஐத் தொட்டது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குமேல் ஆக்ஸிஜன் கரையும், 35இல் 7தான். செர்ரிக்கு 30 தாண்டினாலே திணறல். சில்லர் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர்ப் பரப்பைப் பார்த்து ஒரு சின்ன டேபிள் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்சு பில்டரை இரவு பகலாக ஓட விடுங்கள், கரண்ட் போனால் ஓட ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். ஃபேன் போட்டால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. அந்த இடத்தை போர் தண்ணீரால் நிரப்பினால் வாராவாரம் டிடிஎஸ் ஏறும். வற்றியதற்கு எப்போதும் ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள். ஷ்ரிம்ப் ஏன் சாகிறது என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் செய்த தவறு இது.

மீதிப் பேரின் தவறு கொசு மருந்து. மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவே ஷ்ரிம்ப்பைக் கொன்றுவிடும், ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது அல்லவா. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். தெருவில் புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, பம்ப்பை அரை மணி நேரம் நிறுத்துங்கள். தாமிரம் கலந்த மீன் மருந்தும் அப்படித்தான், ஒரு சொட்டு கூடக் கூடாது.

அக்கா மகன் ஒரு மாதம் மீனோ ஷ்ரிம்ப்போ விடாமல், தண்ணீரும் பில்டருமாகத் தொட்டியை ஓட்டினான். ஐப்பசியில் பத்து செர்ரி விட்டிருக்கிறான். கத்திரி வருவதற்குள் நம் தண்ணீரிலேயே பிறந்த தலைமுறை ஒன்று எழும்பிவிடும். எம்பர் தை மாதம். நேற்று ராத்திரி போட்டோ அனுப்பினான். ஒன்றின் முதுகில் மஞ்சள் சேணம் ஏறியிருக்கிறது.