டீ பேக்டரியில் எம்சிசி 118: மாதிரி நிரல்களை அழித்துவிடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் எனக்குப் பராமரிப்பு வேலை. டிரையரின் சூட்டையும் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் காற்றையும் கவனிக்க, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி மேல், வோல்ட்டை அளக்கும் எம்சிசி 118 போர்டை மாட்டி ரொம்ப நாளாக ஓட்டி வருகிறோம். 8 சேனல் (சிக்னல் நுழையும் வழிகள்), 12 பிட், மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை படிக்கும்.

போர்டு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நான் அதிகம் நம்புவது அதனோடு கிடைக்கும் பைத்தான் மாதிரி நிரல்களை. பலரும் அவற்றை மாட்டிய அன்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதோடு சரி, அப்புறம் வெட்டி ஒட்டிச் சொந்த நிரலாக்கி விடுகிறார்கள். ஒரு நகலைத் தொடாமல் வைத்திருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் நம் நிரலை நிறுத்திவிட்டு அதை ஓட்டலாம். கோளாறு ஒயரிலா, நம் நிரலிலா என்று அங்கேயே பிரிந்துவிடும்.

எங்கள் டிரான்ஸ்மிட்டர்கள், அதாவது வெப்பநிலையை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவிகள், 0–100 டிகிரிக்கு 4 முதல் 20 மில்லியாம்பியர் தருபவை. 250 ஓம் மின்தடையில் அது 1 முதல் 5 வோல்ட் ஆகிறது. ஆக, நல்ல நிலையில் உள்ள சேனல் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. போன மழையில் ஒரு தொட்டி திடீரென மைனஸ் 25 டிகிரி காட்டியது. மாதிரி நிரலை ஓட்டினால் அந்தச் சேனலில் மட்டும் பூஜ்யம், மற்றவை சரி. டெர்மினலைத் திறந்தால் செம்பு நுனியில் பச்சை பூத்துக் கம்பி இற்றுப்போயிருந்தது. ஈரக்காற்றில் இது வழக்கம்தான். நுனியை வெட்டி, லக் (கம்பி முனைக்கான உலோக முனை) அடித்து முறுக்கியதும் 1.9 வோல்ட், அதாவது 22.5 டிகிரி, வந்துவிட்டது.

12 பிட் போதுமா என்று கேட்பவர்களுக்கு: 12 பிட் என்றால் அந்த 20 வோல்ட் வரம்பை 4096 படிகளாகப் பிரிப்பது, ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். 0–100 டிகிரி டிரான்ஸ்மிட்டரில் அது 0.12 டிகிரிதான். டிரையருக்குத் தாராளம். காற்றின் ஈரத்தை அறிய ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பநிலை வித்தியாசம் பார்க்கவும் போதும், ஆனால் அங்கே 0–200 டிகிரி வகையைப் போடாதீர்கள், ஒரு படி இரட்டிப்பாகிவிடும்.

மாதிரிகளில், விடாமல் படித்துக்கொண்டே இருக்கும் கன்டினியூவஸ் ஸ்கேன் நிரலில் நொடிக்கு 1000 முறை என்று வைத்துப் பாருங்கள். திரையில் எண் நிற்காமல் ஆடினால் பெரும்பாலும் மோட்டார் கேபிள் பக்கத்தில் ஓடுவதால் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். வேகத்தைச் சரியாக 50க்கு இறக்கினால் அதே இரைச்சல் அசையாத எண் போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். 40 என்றால் 10 ஹெர்ட்ஸ் அலையாக வரும். எதுவும் இணைக்காத சேனலின் எண்ணுக்கும் அர்த்தமில்லை. அதைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு குறை: சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்கும். வெப்பநிலைக்குப் பரவாயில்லை. இரண்டு பேரிங்குகளின் அதிர்வை ஒப்பிட வேண்டுமானால் இது வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சேனலையும் 24 பிட்டில் படிக்கும் எம்சிசி 172 வாங்குங்கள்.