இலங்கைத் தேயிலை: பணத்தை முதலில் எங்கே போடுவது?

2013இல் ஏறத்தாழ 34 கோடி கிலோ தேயிலை செய்த நாடு, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது இதற்குப் பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. தடை சில மாதங்களில் நீங்கிய பிறகும் விளைச்சல் பழைய இடத்துக்கு வரவில்லை. தொழிலை நிமிர்த்த நான்கு வழிகள் பேசப்படுகின்றன: மொத்தத் தூளாக அல்லாமல் பையும் பொட்டலமுமாக ஏற்றுமதி செய்வது, கென்யாவைப் போல சிடிசிக்கு (இலையைப் பல் உருளைகளில் நசுக்கி, கிழித்து, சிறு துகளாகச் சுருட்டும் முறை) மாறுவது, கையால் செய்யும் விசேஷத் தேயிலை, மலையில் மறுநடுகையும் (பழைய செடியைப் பிடுங்கிப் புதிதாக நடுவது) இடைநடுகையும் (செத்த செடியின் இடத்தில் மட்டும் நடுவது). மேடைகளில் முதல் வழிக்குத்தான் கைதட்டல். கையில் ஐந்து வருடத்துக்கான முதல் இருந்தால், கடைசி வழியில் தொடங்குவதே சரி.

பையா, மொத்தமா?

இரண்டு கிராம் பைக்கு ஒரு கிலோ தூள் 500 பையாகும். கொழும்பு ஏலத்தில் அந்தக் கிலோ விற்கும் விலையையும் வெளிநாட்டுக் கடையில் 500 பை விற்கும் விலையையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இடையில் நிற்கும் செலவுகள் கண்ணில் படுவதில்லை. வடிதாள், நூல், சிட்டை, உறை, பெட்டி, இறக்குமதி இயந்திரம், கடை அலமாரியில் இடம் பிடிக்கக் கொடுக்கும் பணம், சரக்கு போய் மாதக்கணக்கில் வசூலாகாத கடன் என்று பட்டியல் நீளும். டில்மா போன்ற இலங்கைத் தேயிலைப் பெயரை நிலைநிறுத்தப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இதைவிடப் பெரிய சிக்கல் இலையில் இருக்கிறது. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் 600 மீற்றருக்குக் கீழேயுள்ள தாழ்நிலத் தேயிலை, பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து. அங்கே ஸ்டோர்களில் (தேயிலைத் தொழிற்சாலைகளில்) செய்வது ஓபி 1, ஓபி, பீக்கோ, எஃப்பிஓபி என்ற தரங்களில் வரும் சுருண்ட கறுப்பு இலை. ஈராக், துருக்கி, ஈரான், ரஷ்யா பக்கம் அதற்குத்தான் விலை. இந்த இலை பைக்குள் போகாது. உடைத்துப் போட்டால் சுருளுக்குக் கிடைத்த விலை அதோடு போயிற்று. பைக்கு வேண்டியது நுண்ணிய தரங்கள்: பிஓபிஎஃப், டஸ்ட் 1, சிடிசியில் பிஎஃப் 1. மேல்மலையில் கிடைக்கும் பிஓபிஎஃப் போதாமல், வெளிநாட்டுச் சிடிசியைத் தாராளமாக இறக்கிக் கலக்க விடுங்கள் என்று பொதி செய்வோர் கேட்பதும், தோட்டக்காரர்கள் எதிர்ப்பதும் பல வருடச் சண்டை. கலந்த பெட்டியில் இலங்கைத் தேயிலையின் அடையாளமான சிங்க இலச்சினை போட முடியாது. நூறு வீதம் இலங்கைத் தேயிலையாகவும், இங்கேயே பொதி செய்ததாகவும் இருந்தால்தான் தேயிலைச் சபை அதை அனுமதிக்கும்.

இயந்திரத்தில் வரும் தொல்லை தனி. தூள் மிக நுண்மையாக இருந்தால் வடிதாள் வழியே கசிந்து பெட்டியின் அடியில் படியும். நார் மிஞ்சி இலகுவாக இருந்தால் எடை பைக்குப் பை மாறும். குறை எடைக்குப் பயந்து 2.1 கிராமில் ஓட்டினால் பத்து இலட்சம் பைக்கு 100 கிலோ தூளைச் சும்மா கொடுக்கிறீர்கள். ஏற்றுமதிச் சரக்கில் தூளைத் தவிர மற்றதும் காலை வாரும்: 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் கப்ரா வண்டு (சேமித்த தானியத்தைத் தின்னும் பூச்சி) கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதையும் சில நாள் நிறுத்தி வைத்தது.

சரி, எல்லாம் கூடிவந்து இலாபம் வருகிறது என்று வைப்போம். கொழுந்து கொடுத்தவருக்கு அதில் என்ன? சிறுதோட்டக் கொழுந்தின் விலை ஏலத்தில் ஸ்டோருக்குக் கிடைத்த சராசரியை வைத்துத்தான் கணக்காகிறது: 68 வீதம் கொழுந்துக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. நூறு கிலோ கொழுந்துக்கு 21.5 கிலோ தூள் என்பது வழக்கமான கணக்கு. ஏல விலை 1,200 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தால் மொத்தம் 25,800, கொழுந்துப் பங்கு 17,544, அதாவது கிலோவுக்கு 175 ரூபாய் சொச்சம். பை மொஸ்கோவில் எவ்வளவுக்கு விற்றாலும் இந்த 175 அசையாது. டொலர் நாட்டுக்கு வரும், மறுநடுகைக்கான பணம் மலைக்கு வராது.

சிடிசி

கென்யா ஏறக்குறைய முழுக்கச் சிடிசி. இலங்கையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். மாறினால் வாட்டும் நேரமும் புளிக்க விடும் நேரமும் குறையும், ஆள் குறையும், சாயம் சட்டென இறங்கும், பைக்கும் பொருந்தும். ஆனால் சிடிசி முற்றல் இலையை மன்னிக்காது. கரட்டு இலை உருளைக்குள் போனால் தூளில் நாரும் பழுப்பும் ஏறும். உருளைப் பல் மழுங்க விட்டால் துகள் தட்டையாகி, சூடேறி, சாயம் மந்தமாகும். பல் தீட்டும் பட்டறையும் மாற்று உருளைகளும் இல்லாத ஸ்டோர் இதில் இறங்கக் கூடாது. அதோடு, கென்யாவின் மொம்பாசா ஏலத்தில் மலைபோல் குவியும் சரக்கோடு விலையில் மோத வேண்டும்; ஏக்கருக்கு அவர்களுடைய விளைச்சல் நம்மைவிட அதிகம். உலகில் நீளச் சுருள் இலையைப் பெருமளவில் செய்யும் நாடுகள் சிலதான். அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நெரிசலுக்குள் போவதில் நியாயம் தெரியவில்லை. இரண்டு தரத்துக்கும் கொழுந்து கிடைக்கும் தாழ்நில ஸ்டோர் ஒன்று, பக்கத்தில் ஒரு சிடிசி வரிசை வைப்பது வேறு விஷயம்.

விசேஷத் தேயிலை

வெள்ளி மொட்டு, கைச்சுருள் போன்றவற்றுக்குக் கிலோ விலை பல மடங்கு. அளவுதான் இல்லை. மொட்டு மட்டும் கிள்ளினால் நாள் முழுக்க மெனக்கெட்டாலும் கூடையின் அடி மறையாது. கிள்ளியதும் காய்ந்து கால்வாசிக்கும் கீழே போகும். இந்த மாதம் அனுப்பிய மாதிரியும் அடுத்த மாதச் சரக்கும் ஒன்றாக இராது, அங்கேதான் வாங்குபவர் கைநழுவுகிறார். ஊவாவில் கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மணத்தை நம்பிச் செய்பவருக்கு மீதி மாதங்களுக்கு வேறு வேலை வேண்டும். ஒரு குடும்பத்துக்கோ சிறு தோட்டத்துக்கோ நல்ல பிழைப்பு. 25 கோடி கிலோவுக்கு இதைப் பதிலாகச் சொல்வது வேடிக்கை.

மலையில் போடும் பணம்

மறுநடுகை கணக்குப் புத்தகத்தில் அழகாக இருக்கும், கையில் கசக்கும். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி, கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்றி, பிறகு நாலடிக்கு இரண்டடி என்று ஏக்கருக்கு ஐயாயிரத்துக்கு மேல் கன்று நட வேண்டும். மேல்மலையில் ஒழுங்கான கொழுந்து வருவதற்குள் ஐந்து வருடம் ஓடிவிடும். புல்லைத் தவிர்த்து அவசரமாக நட்ட மலைகளில் வட்டப்புழுவும் வேர்நோயும் கன்றைத் தின்ற பிறகுதான் அந்த இரண்டு வருடத்தின் அருமை தெரியும். இன்னொரு முட்டுக்கட்டை யாரும் உரக்கச் சொல்லாதது: அரசாங்கத் தோட்டங்களை நடத்தும் பிராந்தியக் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. முப்பது வருடத்துக்கு மேல் நிற்கும் செடியை, இருபது வருடம்கூட மிஞ்சாத குத்தகையில் யார் நடுவார்? குத்தகையை நீட்டுவதோ, நட்ட செடிக்கு முடிவில் மதிப்புப் போட்டுக் கொடுப்பதோ செய்யாமல் மானியத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. செடி செத்து வெற்றிடம் விழுந்த மலைகளில் இடைநடுகை செய்தால் பிடுங்கும் செலவும் இல்லை, இருக்கும் வருமானமும் நிற்காது. பெரும்பாலும் பிழைப்பது கவ்வாத்து (செடியைத் தாழ வெட்டுவது) முடிந்த கையோடு மழை தொடங்கும்போது நடுவது. அப்போதுதான் பக்கத்துச் செடியின் நிழல் இராது. ஒன்றரை அடி ஆழக் குழி, பக்கத்துச் செடியின் வேரை அறுத்து ஒதுக்கிய மண், மேலே மூடாக்கு. நட்டதோடு விட்டால் தை, மாசி வெயில் பாதியைக் கொண்டுபோகும். மீதியில் கொஞ்சம் புல்லுவெட்டில் போகும். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்காத மலையில் கன்றும் புல்லும் சுரண்டிக்கு ஒன்றுதான்.

களைக்கொல்லியிலும் கவனம் வேண்டும். 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தடையானதும் சில தோட்டங்கள் எம்சிபிஏ என்ற இன்னொன்றுக்குத் தாவின. ஜப்பானின் எச்ச வரம்பில் (தேயிலையில் மிஞ்சலாம் என்று விடும் மருந்தளவில்) அது சிக்கி, வாங்குவோர் முகம் சுளித்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் பலன் தருவது கொழுந்தின் தரம். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) வந்த சாக்கிலிருந்து நூறு கிராம் எடுத்து மேசையில் பரப்புங்கள். இரண்டு இலையும் மொட்டும், இளசான ஒற்றைத் தளிர் ஆகியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி நிறுங்கள். 60 கிராமுக்குக் குறைந்தால் எந்த இயந்திரம் வாங்கியும் நல்ல தரம் இறங்காது. குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையால், ஒரே மலைக்கு மறுபடி கொழுந்தெடுக்க வரும் ஏழு நாள் சுற்று பன்னிரண்டுக்கு நீள்வது. கத்தரியால் வெட்டுவது ஆளை மிச்சப்படுத்தும், ஆனால் சுற்று தவறிய மலையில் கத்தரி போட்டால் முற்றல்தான் சாக்கை நிரப்பும். அடுத்தது லொறி. பிளாஸ்டிக் சாக்கில் அமுக்கித் திணித்த கொழுந்து சந்தியில் மூன்று மணி நேரம் நின்றால் உள்ளே கை வைக்க முடியாத சூடு. ஸ்டோருக்குப் போகும்போதே இலை சிவந்திருக்கும். காற்றோட்டமான வலைச் சாக்கு, சாக்குக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் திணிக்காமல் இருப்பது, லொறியில் தட்டு அடித்து அடுக்குவது: ஒரு பை இயந்திரத்தின் விலையில் எத்தனையோ சேகரிப்புப் பாதைகளுக்கு இதைச் செய்துவிடலாம்.