இறுதியாட்டம்: முதலில் சிப்பாயா, கோட்டையா?

சதுரங்கத்தில் காய் நகர்த்தல் ஓரளவு கைவந்ததும் இறுதியாட்டம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், படிக்க வேண்டும். எதில் தொடங்குவது? பிஷப்பும் குதிரையும் சேர்ந்து செக்மேட் போடுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். பிழையில்லாமல் ஆடினாலும் 33 நகர்த்தல் வரை இழுக்கும். என் பலகையில் அது ஒருநாளும் வந்ததில்லை.

கோட்டை இறுதியாட்டம் அப்படியில்லை, அடிக்கடி வரும். அதனால்தான் நான் அதில் தொடங்கினேன். சிப்பாய் ராணியாக ஒரு கட்டமே இருக்கும் லூசேனா நிலையில் பாலம் கட்டவும் (எதிரியின் செக்கைக் கோட்டையால் மறிப்பது), சிப்பாய் இல்லாதவர் சமநிலைக்குக் காக்கும் பிலிடோர் முறையில் கோட்டையால் எதிரி ராசாவை மறித்து, சிப்பாய் முன்னேறியதும் பின்னால் போய் செக் கொடுக்கவும் பழகினேன்.

பிறகு வவுனியாவில் ஒரு போட்டி. ஆளுக்கொரு கோட்டை, எனக்கு மட்டும் ஒரு சிப்பாய். காரணமில்லாமல் அதை ஈ2 இலிருந்து ஈ3 க்குத் தள்ளினேன். எதிராளி கோட்டைக்குக் கோட்டை வெட்டி மாற்றக் கேட்டார். எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறதே என்று மாற்றினேன். என் ராசா ஈ4 இல், அவருடையது ஈ6 இல், நகர்த்த வேண்டியது நான். நான் எந்தப் பக்கம் போனாலும் அவர் நேரெதிரே வந்து நின்றார். சமநிலை. சிப்பாய் ஈ2 இலேயே நின்றிருந்தால், அப்போது ஈ3 ஆடி முறையை அவரிடம் தள்ளியிருப்பேன். அவர் ராசா ஒரு பக்கம் ஒதுங்க, என்னுடையது மறுபக்கத்தால் உள்ளே போயிருக்கும். ஒரு கட்டம் பின்னால் நிற்கும் சிப்பாய்தான் வெல்லும் சிப்பாய்!

முதலில் சிப்பாய் என்ற என் தீர்ப்பு இதில்தான் நிற்கிறது. மாற்றிய கோட்டை திரும்பி வராது. மாற்றினால் வெற்றியா, சமநிலையா என்று சொல்லத் தெரியாதவர் கோட்டை ஆட்டத்தையும் பாதிதான் படித்திருக்கிறார்.

ஆகவே கிளிநொச்சியில் தங்கச்சியின் மகனுக்குச் சிப்பாயில் தொடங்கினேன். ஓடும் சிப்பாயை ராசா எட்டிப் பிடிக்குமா என்று சிப்பாயிலிருந்து கடைசி வரிசை வரை சதுரம் போட்டுப் பார்ப்பது, இரு ராசாவும் நேருக்கு நேர் நிற்கும்போது யார் வழிவிடுவது, ஓரச் சிப்பாய்க்கு எதிரி ராசா மூலையைப் பிடித்தால் வெற்றி கிடையாது என்பது. விறாந்தையில் மூன்று காய் போதும், கணினி வேண்டாம். பரந்தனிலிருந்து விசுவமடு போகும் பஸ்ஸிலும் பலகையில்லாமல் கேள்வி கேட்பேன்.

"மாமா, ராசா முன்னுக்குப் போகவேணும், சிப்பாய் பின்னால வரட்டும்" என்று இப்போது அவனே எனக்குச் சொல்கிறான்.

என் அனுபவம் பாடசாலை, மாவட்ட ஆட்டங்களோடு சரி. அதற்கு மேலே ஆடுபவருக்கு இந்த வரிசை பொருந்துமா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மருமகன் அடுத்த மாதம் லூசேனாவுக்கு வருகிறான்.