கையெலும்பு அளக்கும் மென்பொருள்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

மரபியல் பிரிவில் எக்ஸ்ரே படங்களை அளப்பது என் வேலை. ஒரு கையில் அளக்க வேண்டிய நீள எலும்புகள் 19. முன்பெல்லாம் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, கால்குலேட்டரைத் தட்டி, கண்ணே பூத்துவிடும்.

இந்த மென்பொருளில் அந்தப் பாடு இல்லை. எலும்பின் இரு முனையிலும் புள்ளி வைத்தால் போதும். அந்த வயது, பாலினத்துக்கான சராசரியிலிருந்து ஒவ்வொரு எலும்பும் எத்தனை திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து வழக்கமாகச் சிதறும் அளவு) தள்ளியிருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடும். 1972இல் கதிரியக்க மருத்துவர் போஸ்னான்ஸ்கி குழுவினர் சொன்ன முறைதான், புதிதாக ஒன்றுமில்லை. கோடு மொத்தமாகக் கீழே இருந்தால் கை சிறியது, அவ்வளவுதான். எங்கே ஏறி இறங்குகிறது என்பதில்தான் விஷயம். ஒரு சிறுமியின் படத்தில் நான்காவது உள்ளங்கை எலும்பில் மட்டும் கோடு பள்ளத்தில் விழுந்தது. வெறும் கண்ணால் பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. குரோமோசோம் பரிசோதனையில் டர்னர் நோய்க்குறி (பெண்களிடம் ஒரு X குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத பிறவிக் கோளாறு) என்று உறுதியானது.

அப்புறம் குறைகள். தானாகப் புள்ளி வைக்கும் வசதியை நம்பாதீர்கள். சின்னக் குழந்தைகளின் விரலெலும்பில் வளர்ச்சித் தட்டோடு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) நின்றுவிடுகிறது, அதற்கு அப்பால் உள்ள முனைத்துண்டை விட்டுவிடுகிறது. விரல் கொஞ்சம் மடங்கியிருந்தாலும் நீளம் குறைவாகவே வருகிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை. மென்பொருள் தரும் ‘பொருந்தக்கூடிய நோய்கள்’ பட்டியலை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். போலிப் பாராதைராய்டு குறைபாட்டிலும் (பாராதைராய்டு ஹார்மோனுக்கு உடல் சரியாகப் பதிலளிக்காத நோய்) அதே நான்காவது எலும்பு குட்டையாகலாம், எந்தக் கோளாறும் இல்லாதவர்களிடமும் இருக்கலாம். வரைபடத்துக்காக மட்டும் என்றால், தாராளமாக வாங்கலாம்.